சுமேரியர், அக்காடியர், அசீரியர்

டைகிரிஸ், யூப்ரட்டீஸ் ஆறுகள் பாயும் மெசொப்பொத்தேமியாவில் கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டு முதல் கி.மு. 609 வரை நகரங்களையும் பேரரசுகளையும் நிறுவிய மக்கள். சுமேரியர் தெற்கே, பாரசீக வளைகுடாவை ஒட்டிய வண்டல் சமவெளியில் வாழ்ந்தனர். அதற்கு வடக்கே, இன்றைய பாக்தாத் வட்டாரத்தில் அக்காடியரும், இன்னும் வடக்கே மோசுலைச் சுற்றி அசீரியரும் தலையெடுத்தனர். பள்ளிப் பாடநூல்கள் இவர்களை ஒருவர் பின் ஒருவராக வந்து மறைந்த மூன்று நாகரிகங்களாகக் காட்டும். அது பாதி உண்மைதான். அரசர் மாறினர், பேச்சுமொழியும் மாறியது. ஆனால் ஈரக் களிமண்ணில் நாணல் குச்சியால் அழுத்தி எழுதும் ஆப்பெழுத்தும், அதைக் கற்பித்த பள்ளியும், அப்பள்ளி படியெடுத்துக் காத்த நூல்களும் மூவாயிரம் ஆண்டுகள் அறுபடாமல் கைமாறின. இந்த வரலாற்றை மன்னர் பட்டியலாகப் படிப்பதைவிட எழுத்தர்களின் தொடர்ச்சியாகப் படிப்பதே பொருத்தம்.

வண்டல் நிலத்தின் நகரங்கள்

தெற்கு மெசொப்பொத்தேமியா மழை குறைந்த பூமி. ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர் மழைகூட அங்கே பெய்வதில்லை. அனத்தோலிய மலைகளின் பனி உருகி ஆறுகளில் வெள்ளம் வருவதோ வசந்தத்தில், குளிர்காலப் பயிர் அறுவடைக்கு நிற்கும் நேரத்தில். தண்ணீர் வேண்டும்போது இல்லை, வேண்டாதபோது பெருகுகிறது. வாய்க்கால் வெட்டியும் கரை கட்டியும்தான் பிழைக்க முடிந்தது. கட்டடக் கல், நல்ல மரம், உலோகம் எதுவும் உள்ளூரில் இல்லை. செம்பு ஓமான் பக்கத்திலிருந்தும், தேவதாரு மரம் லெபனான் மலைகளிலிருந்தும், லாபிஸ் லசூலி என்னும் நீலக்கல் ஆப்கானிஸ்தானின் பதக்சானிலிருந்தும் வந்தன. அவற்றுக்கு ஈடாகக் கொடுக்கக் கம்பளித் துணியும் தானியமும் இருந்தன. உள்ளூரில் தடையின்றிக் கிடைத்தவை களிமண்ணும் நாணலும். வீடு, கோயில், அரிவாள், புத்தகம் எல்லாவற்றையும் அவற்றைக் கொண்டே செய்தார்கள்.

சுமேரிய மரபு எரிடுவை முதல் நகரமாகக் கொண்டாடியது. அங்கே ஓர் அறை மட்டுமே உள்ள சிறு கோயிலின் மேல் அதே இடத்தில் மீண்டும் மீண்டும் பெரிதாகக் கட்டிக்கொண்டே போனதை அகழாய்வு காட்டியது. ஆனால் நகரம் என்ற சொல்லுக்கு முழுத் தகுதி பெற்ற முதல் ஊர் உருக். கி.மு. 2900 வாக்கில் அதன் மதில் 9 கிலோமீட்டருக்கு மேல் சுற்றி வந்தது.

உருக்கின் ஈஅன்னா கோயில் வளாகத்தில்தான், கி.மு. 3300 முதல் 3000 வரையான காலத்தில் எழுதப்பட்ட மிகப் பழைய பலகைகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. அவற்றில் பாட்டும் இல்லை, போர்க்கதையும் இல்லை. பெரும்பாலானவை கணக்குகள்: இத்தனை படி பார்லி, இத்தனை ஆடு, இத்தனை குடம் பீர், இன்னாருக்குக் கூலி. எஞ்சியவை எழுதப் பழகுவோருக்கான சொற்பட்டியல்கள். தொழில்களையும் பதவிகளையும் வரிசையாக அடுக்கும் பட்டியல் ஒன்றை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஏறக்குறைய அதே வரிசையில் மாணவர்கள் எழுதி வந்தனர். உலகின் முதல் எழுத்து பிறந்தபோதே அதற்கொரு பாடத்திட்டமும் பிறந்துவிட்டது என்பது இந்த நாகரிகத்தைப் பற்றிய மிக முக்கியமான செய்தி. இலக்கியம் எழுத்தில் ஏறுவதற்கு இன்னும் ஐந்தாறு நூற்றாண்டுகள் ஆயின. 60-ஐ அடிப்படையாகக் கொண்ட எண்முறையும் இந்தக் கணக்கர்களின் கொடை. மணிக்கு 60 நிமிடம், வட்டத்துக்கு 360 பாகை என்று நாம் இன்றும் எண்ணுவது அதிலிருந்துதான்.

சுமேரிய மொழிக்கு உறவுமொழி எதுவும் நிறுவப்படவில்லை. அது தமிழைப் போல ஒட்டுநிலை மொழி என்பதை வைத்து இரண்டும் ஒரே குடும்பம் என்று தமிழ்நாட்டில் சிலர் எழுதியிருக்கிறார்கள். துருக்கியமும் ஜப்பானியமும்கூட ஒட்டுநிலை மொழிகளே. அமைப்பு ஒத்திருப்பது உறவுக்குச் சான்றாகாது. முறையான ஒலி ஒப்புமை காட்டப்படாததால் மொழியியலாளர்கள் இக்கருத்தை ஏற்கவில்லை.

லகாஷும் உம்மாவும்

கி.மு. 2900 முதல் 2350 வரையான காலத்தில் ஊர், உருக், லகாஷ், உம்மா, கீஷ் என நகரந்தோறும் ஓர் அரசு இருந்தது. ஒவ்வொரு நகரமும் ஒரு தெய்வத்தின் சொத்து, அரசன் அதன் காரியக்காரன் என்பதே அவர்களது நம்பிக்கை. என்லில் கோயில் கொண்ட நிப்பூர் எல்லோருக்கும் பொதுவான புனிதத் தலம்.

இக்காலத்தில் நமக்கு மிகத் தெளிவாகத் தெரியும் சண்டை, குஎதென்னா என்னும் வயல்வெளிக்காக லகாஷும் உம்மாவும் தலைமுறை தலைமுறையாகப் போட்டது. கீஷ் மன்னன் மெசிலிம் எல்லைக்கல் நட்டுப் பஞ்சாயத்து செய்துவைத்தான். உம்மா அதைப் பிடுங்கி எறிந்தது. கி.மு. 2450 வாக்கில் லகாஷின் ஈஅன்னாதும் போரில் வென்று, பகைவர் தலைகளைக் கழுகுகள் கொத்திச் செல்லும் காட்சியைக் கல்லில் செதுக்கி நிறுத்தினான். அதன் துண்டுகள் பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளன. லகாஷின் முதல் அரசமரபில் கடைசி அரசனான உருகஜினா, அதிகாரிகள் வாங்கிவந்த முறையற்ற தண்டல்களை ஒழித்ததாகவும், பிணம் புதைக்க வாங்கிய பீர், ரொட்டிக் கட்டணத்தைக் குறைத்ததாகவும் அறிவித்தான். ஏழைகளை வலியவர்களிடமிருந்து காப்பது அரசின் கடமை என்று எழுத்தில் சொல்லிய மிகப் பழைய அறிவிப்புகளில் இது ஒன்று. சில ஆண்டுகளிலேயே உம்மாவின் லுகல்சாகெசி அவன் நகரைச் சூறையாடினான்.

ஊர் நகரில் 1922 முதல் 1934 வரை அகழாய்ந்த லியனார்டு வூலி, அரச குடும்பத்தினரின் கல்லறைகளைக் கண்டார். பூஅபி என்ற அரசியின் பொற்பூ முடியும், காளைத் தலை கொண்ட யாழ்களும் அங்கே கிடைத்தன. ஒரே குழியில் 74 ஏவலர்கள், பெரும்பாலும் பெண்கள், அணிகலன்களோடு கிடந்தனர். தாமாக நஞ்சருந்தி இறந்தார்கள் என்று வூலி கருதினார். பிற்காலத்தில் மண்டை ஓடுகளை ஆராய்ந்தபோது, குறைந்தது சிலராவது தலையில் அடித்துக் கொல்லப்பட்டது தெரிந்தது. அக்கல்லறைகளின் சூதுபவள மணிகளில் சில சிந்துவெளியிலிருந்து வந்தவை.

அக்காடு: முதல் பேரரசு

லுகல்சாகெசியை வென்றவன் சார்கோன் (சுமார் கி.மு. 2334–2279). கீஷ் அரசனுக்கு மது ஊற்றித் தரும் பணியில் இருந்தவன் என்கிறது மரபு. தோற்ற மன்னனைக் கழுத்தில் தளையிட்டு நிப்பூரின் கோயில் வாசலுக்கு இழுத்து வந்ததாகவும், நாள்தோறும் 5,400 பேர் தன் முன் உணவு உண்டதாகவும், மெலூஹா, மகன், தில்முன் நாடுகளின் கப்பல்கள் அக்காடு நகரின் துறையில் நின்றதாகவும் அவன் கல்வெட்டுகள் பேசுகின்றன. மெலூஹா சிந்துவெளி என்பது பெரும்பாலான ஆய்வாளர் முடிவு. அக்காடியர் கால உருளை முத்திரை ஒன்றுக்குச் சொந்தக்காரரான சூ-இலிஷு, மெலூஹா மொழிபெயர்ப்பாளர் என்றே தன்னைக் குறித்திருக்கிறார். அந்தத் தொழிலுக்கு ஆள் தேவைப்படும் அளவுக்கு வணிகம் நடந்திருக்கிறது.

அக்காடு நகரம் இருந்த இடம் இன்றுவரை கண்டறியப்படவில்லை. சார்கோனின் கல்வெட்டுகளையும் நாம் பெரும்பாலும் நேரில் படிக்கவில்லை. நிப்பூர்க் கோயிலில் நின்ற சிலைகளிலிருந்து சில நூற்றாண்டுகளுக்குப் பின் எழுத்தர்கள் கருத்தாக எடுத்துவைத்த படிகளே நம்மிடம் உள்ளன.

அக்காடிய மொழி அரபிக்கும் எபிரேயத்துக்கும் உறவான செமிட்டிக் மொழி. சுமேரியத்துக்காகப் பிறந்த ஆப்பெழுத்தை அக்காடியர் தம் மொழிக்கு வளைத்துக்கொண்டனர். ஆனால் சுமேரியத்தை அவர்கள் தள்ளவில்லை. சார்கோன் தன் மகள் என்ஹெடுஅன்னாவை ஊர் நகரின் நிலாத் தெய்வமான நன்னாவுக்குத் தலைமைப் பூசாரியாக்கினான். அவள் பெயரில் சுமேரியப் பாடல்கள் வழங்குகின்றன. அவை அவளே இயற்றியவையா என ஐயுறுவோர் உண்டு. அவள் பெயரும் உருவமும் பொறித்த கல்வட்டு கிடைத்திருப்பதால் அவள் வாழ்ந்தவள் என்பதில் ஐயமில்லை. உலகில் பெயர் தெரிந்த முதல் நூலாசிரியர் என்ற இடம் மரபுப்படி இந்தப் பெண்ணுக்குரியது.

சார்கோனின் பேரன் நராம்-சின் ஒரே ஆண்டில் ஒன்பது போர்களில் கிளர்ச்சியை அடக்கினான். நகர மக்கள் வேண்டியதால் தான் தெய்வமானதாக பாசெட்கி என்ற ஊரில் கிடைத்த செப்புச் சிலையில் எழுதிவைத்தான். அக்காட்டின் நிலையான சாதனை இந்தப் பட்டங்களில் இல்லை. பல நகரங்களுக்கு ஒரே அளவை, ஒரே ஆட்சிமொழி, மையத்திலிருந்து வரும் அதிகாரி என்ற ஏற்பாட்டில் இருக்கிறது. அதைத்தான் பின்வந்த எல்லாப் பேரரசுகளும் எடுத்துக்கொண்டன. கி.மு. 2150 அளவில் அரசு சிதைந்தது. குட்டியர் என்னும் மலைமக்களின் தாக்குதலோடு, கி.மு. 2200 வாக்கில் தொடங்கிய நீண்ட வறட்சியும் காரணம் என்று தொல்லியலாளர் ஹார்வி வெய்ஸ் முதலானோர் வாதிடுகின்றனர். வறட்சி ஒன்றே அரசைக் கவிழ்த்தது என்பதை எல்லோரும் ஏற்பதில்லை.

ஊரின் மூன்றாம் அரசமரபு

ஊர்-நம்மு (கி.மு. 2112–2095) தொடங்கிய இந்த அரசில் ஆட்சிமொழி மீண்டும் சுமேரியம். இவனது பெயரால் வழங்கும் சட்டத்தொகுப்பு, கிடைத்தவற்றில் மிகப் பழையது. பாபிலோன் மன்னன் அம்முராபியின் சட்டத்துக்கு மூன்று நூற்றாண்டு முந்தியது. கண்ணுக்குக் கண் என்பது இதில் இல்லை. ஒருவன் கண்ணைக் கெடுத்தவன் அரை மினா எடை வெள்ளி தர வேண்டும். பழமையானது கொடுமையானதாகத்தான் இருக்கும் என்ற எண்ணத்தை இந்த ஒரு விதியே அசைத்துவிடுகிறது.

ஊர்-நம்முவின் மகன் சுல்கி 48 ஆண்டுகள் ஆண்டு, பள்ளிகளையும் கணக்கு முறையையும் ஒழுங்குபடுத்தினான். புஸ்ரிஷ்-தாகான் என்ற கால்நடைக் கிடங்கில் உள்ளே வந்த ஆடும் வெளியே போன மாடும் நாள்வாரியாகப் பதிவாயின. நூறாண்டே நீடித்த இந்த அரசிலிருந்து ஒரு லட்சம் அளவில் பலகைகள் கிடைத்துள்ளன. அத்தனை கணக்கும் அதைக் காப்பாற்றவில்லை. தானிய விலை ஏறி, மாகாணங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று, கி.மு. 2004-ல் கிழக்கு அண்டை நாட்டவரான ஏலாமியர் ஊரைப் பிடித்துக் கடைசி மன்னன் இப்பி-சின்னைச் சிறைகொண்டு போயினர். பாசனத்தால் நிலம் உவராகி விளைச்சல் சரிந்ததும் ஒரு காரணமென 1958-ல் ஆய்வாளர்கள் யாகோப்சனும் ஆடம்சும் எழுதினர். அதன் அளவு குறித்து விவாதம் தொடர்கிறது. சுமேரியம் பேச்சிலிருந்து மறைந்தது. பள்ளியிலும் கோயிலிலும் மேலும் ஈராயிரம் ஆண்டு வாழ்ந்தது.

அசூரின் வணிகர்கள், அசீரியாவின் படைகள்

அசீரியர் என்றதும் படையெடுப்பே நினைவுக்கு வருகிறது. அவர்கள் வரலாற்றில் நுழைந்ததோ வணிகர்களாக. கி.மு. 1900-ஐ ஒட்டிய காலத்தில் டைகிரிஸ் கரையின் அசூர் நகரத்தார் வெள்ளீயத்தையும் கம்பளித் துணியையும் கழுதைகளில் ஏற்றி, சுமார் 1,000 கிலோமீட்டர் தொலைவில் இன்றைய துருக்கியிலுள்ள கானேஷுக்குக் கொண்டுசென்று வெள்ளியோடு திரும்பினர். கானேஷில் வணிகர் வீடுகளில் 23,000-க்கு அருகான பலகைகள் கிடைத்தன. பங்குமுதல் ஒப்பந்தம், கடன் சீட்டு, களிமண் உறையிட்ட கடிதம் எல்லாம் அதில் உண்டு. அசூரில் இருந்த மனைவியர் துணி நெய்து அனுப்பி, விலை சரியாக வரவில்லை என்று கணவருக்குக் கடிதம் எழுதினர். இவ்வளவு பழங்காலத்துக் குடும்பங்களின் குரல் இத்தனை நெருக்கமாக வேறெங்கும் கேட்பதில்லை. அன்று அசூரில் நகரசபைக்குப் பெரும் செல்வாக்கு இருந்தது.

பின்னர் மித்தனி அரசின் பிடியிலிருந்த அசூரை மீட்ட முதலாம் அசூர்-உபல்லித் (கி.மு. 1363–1328) எகிப்திய பாரோவுக்குச் சமமானவனாகக் கடிதம் எழுதும் அளவு உயர்ந்தான். பெரிய எழுச்சி கி.மு. 911-க்குப் பின் வந்தது. இரண்டாம் அசூர்நசிர்பால் தலைநகரைக் கல்ஹுவுக்கு மாற்றினான். மூன்றாம் திக்லத்-பிலேசர் (கி.மு. 745–727) நிலையான படையும், சிறு மாகாணங்களும், சாலைவழி அஞ்சலும் அமைத்து நாட்டைப் பேரரசாக்கினான். கி.மு. 671-ல் எசர்ஹதோன் எகிப்தின் மெம்பிசைப் பிடித்தபோது பேரரசு ஏறக்குறைய அதன் முழு அளவை எட்டியது.

தோல் உரிப்பதையும் கழுவேற்றுவதையும் அசீரிய மன்னர்கள் அரண்மனைச் சுவரில் செதுக்கிவைத்தனர். மற்றவர்களும் கொடுமை செய்தார்கள், இவர்கள் அதை விளம்பரப்படுத்தினார்கள் என்று சில ஆய்வாளர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனாலும் வென்ற மக்களை ஊரோடு பெயர்த்து வேறிடம் குடியேற்றியதை ஆட்சிமுறையாகவே வைத்திருந்தவர்கள் இவர்கள். போகும் வழியில் குடும்பங்களைப் பிரிக்காமல், உணவும் செருப்பும் கொடுத்து அழைத்துவர ஆளுநர்கள் ஏற்பாடு செய்தது கடிதங்களில் தெரிகிறது. வேண்டியது உழைக்கும் கை, அதனால் அந்த அக்கறை. இப்படிக் கலந்த மக்களிடையே அரமேயம் பொதுமொழியாகப் பரவி, கடைசியில் அக்காடியத்தையே பேச்சிலிருந்து வெளியேற்றியது.

சென்னாகெரிப் (கி.மு. 705–681) தன் தலைநகரான நினிவேக்கு மலைநீர் கொண்டுவரக் கால்வாய் வெட்டி, ஜெர்வானில் 280 மீட்டர் நீளத்துக்குக் கல்லால் நீர்ப்பாலம் கட்டினான். அவனே கி.மு. 689-ல் பாபிலோனை அழித்தவன். அவன் பேரன் அசூர்பனிபால் கி.மு. 669-ல் பட்டமேறினான். சுமேரியப் பலகைகளையும் படிக்கத் தெரியும் என்று பெருமைப்பட்ட இம்மன்னன், நாடெங்கும் ஆளனுப்பி நூல்களைத் தேடிச் சேர்த்தான். சகுனம், மருத்துவம், வழிபாடு, கில்காமேஷ் காவியம், சுமேரிய வரிகளுக்குக் கீழே அக்காடிய உரை எழுதிய ஏடுகள் என்று 30,000-க்கு மேற்பட்ட பலகைகளும் துண்டுகளும் இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. உருக்கில் தொடங்கிய பள்ளியின் சேமிப்பு இவ்வளவு பெரிதாக ஒரே கூரையின் கீழ் வந்தது அப்போதுதான்.

அவனுக்கும் பாபிலோனில் ஆண்ட அண்ணனுக்கும் கி.மு. 652 முதல் 648 வரை நடந்த போர் அரசின் வலுவை உறிஞ்சியது. அசூர்பனிபாலுக்குப் பின் அரியணைப் போட்டி தொடர்ந்தது. கி.மு. 614-ல் ஈரானிய மலைநாட்டவரான மேதியர் அசூரை வீழ்த்தினர். 612-ல் மேதியரும் பாபிலோனியரும் சேர்ந்து நினிவேயைத் தீக்கிரையாக்கினர். 609-ல் ஹர்ரானில் கடைசி எதிர்ப்பும் அடங்கியது.

மீண்டும் படிக்கப்பட்ட வரலாறு

ஆப்பெழுத்து பாபிலோனிய வானியலாளரிடம் கி.பி. முதல் நூற்றாண்டு வரை தங்கியிருந்து மறைந்தது. 1840-களில் போத்தாவும் லேயார்டும் அசீரிய அரண்மனைகளைத் தோண்டினர். 1857-ல் ராலின்சன், ஹிங்க்ஸ், டால்பட், ஓப்பர்ட் நால்வரும் ஒரே கல்வெட்டைத் தனித்தனியே பெயர்த்து அனுப்ப, நான்கும் பெரிதும் ஒத்திருந்ததால் எழுத்து படிக்கப்பட்டுவிட்டது என்று உலகம் ஏற்றது. அதுவரை சுமேரியர் என்றொரு மக்கள் இருந்ததையே எவரும் அறியவில்லை. நினிவே நூலகத்தின் இருமொழி ஏடுகள்தான் செமிட்டிக் அல்லாத பழைய மொழி ஒன்றைக் காட்டிக்கொடுத்தன. 1869-ல் ஓப்பர்ட் அதற்குச் சுமேரியம் என்று பெயரிட்டார். 1877-ல் தெற்கு மெசொப்பொத்தேமியாவின் தெல்லோவில் தொடங்கிய அகழாய்வு அம்மக்களையே வெளிக்கொணர்ந்தது. அசீரியப் பள்ளி கட்டிக்காத்திராவிட்டால் சுமேரியரை நாம் இவ்வளவு தெளிவாக அறிந்திருக்க முடியாது.

2003-ல் பாக்தாத் தேசிய அருங்காட்சியகம் சூறையாடப்பட்டபோது களவுபோன பாசெட்கி சிலை அதே ஆண்டில் ஒரு கழிவுநீர்த் தொட்டியிலிருந்து மீட்கப்பட்டது. கல்ஹுவில் இருந்த அசூர்நசிர்பாலின் அரண்மனை 2015-ல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது, அது திரும்பாது. 2003-ல் உலக மரபுச் சின்னமான அசூர், அந்த ஆண்டிலேயே ஆபத்திலிருக்கும் சின்னங்களின் பட்டியலிலும் சேர்க்கப்பட்டது. இதுவரை கிடைத்த ஆப்பெழுத்துப் பலகைகள் ஐந்து லட்சத்துக்குக் குறையாது என்பது பொதுவான மதிப்பீடு. அவற்றில் பெரும்பகுதி இன்னும் முழுமையாகப் படித்து வெளியிடப்படவில்லை.