ஆண்ட்ராய்டில் கஸ்டம் வியூவின் அளவைத் தீர்மானித்தல்

ஆண்ட்ராய்டு செயலிகளில் மரபாகப் பயன்பட்டுவரும் வியூ முறையில், திரையில் தோன்றும் பொத்தான், எழுத்துப்பகுதி, படம் ஆகிய யாவும் வியூ என்னும் ஒரே அடிப்படை வகுப்பின் வழிவந்தவை. ஆயத்தமாகக் கிடைக்கும் உறுப்புகள் ஒரு தேவைக்குப் போதாதபோது, நிரலாளர் அவ்வகுப்பை நீட்டித்துத் தாமே அமைத்துக்கொள்ளும் உறுப்பு கஸ்டம் வியூ எனப்படுகிறது. இதை உருவாக்குவோரின் கவனம் பெரும்பாலும் வரைவதிலேயே நிற்கிறது. ஆனால் ஓர் அமைப்பில் ஒழுங்காகத் தோன்றும் வியூ வேறோர் அமைப்பில் வைத்தவுடன் திரை முழுவதும் பரவுவதற்கோ, அடியோடு காணாமல் போவதற்கோ பெரும்பாலும் காரணமாவது அளவீட்டுப் பகுதியில் நேர்ந்த பிழையே.

ஒரு வியூ திரைக்கு வருமுன் அளத்தல், இடமமைத்தல், வரைதல் என்னும் மூன்று கட்டங்களைக் கடக்கிறது. தன் அளவை வியூ தானே முடிவுசெய்துகொள்வதில்லை. அதைத் தாங்கிநிற்கும் தாய் வியூ, கிடைக்கக்கூடிய இடத்தைப் பற்றிய வரையறையை முதலில் கீழே அனுப்புகிறது. சேய் வியூ தன் உள்ளடக்கத்தையும் அந்த வரையறையையும் ஒப்பிட்டு, தனக்கு வேண்டிய அளவை மேலே தெரிவிக்கிறது. இறுதி அளவும் இடமும் அதன்பின் தாய் வியூவாலேயே ஒதுக்கப்படுகின்றன. அகலத்துக்கு ஒன்றும் உயரத்துக்கு ஒன்றுமாக அனுப்பப்படும் இந்த வரையறைக்கு மெஷர்ஸ்பெக் என்று பெயர்.

மெஷர்ஸ்பெக் என்பது 32 பிட் கொண்ட ஒரு முழு எண். அதன் மேல் 2 பிட்டுகள் வரையறையின் வகையையும், எஞ்சிய 30 பிட்டுகள் பிக்சல் கணக்கிலான அளவையும் குறிக்கின்றன. அளவீட்டின்போது ஆயிரக்கணக்கான சிறு பொருள்கள் நினைவகத்தில் உருவாகி அழிவதைத் தவிர்க்கவே இரண்டு செய்திகளும் ஒரே எண்ணுக்குள் திணிக்கப்பட்டன. இதனால் சிக்கனம் கிடைத்தாலும், அந்த எண்ணைப் பிரிக்காமல் நேரடியாக அகலமாக எடுத்துக்கொள்ளும் புதியவர்கள் நூறு கோடியைத் தாண்டிய ஓர் எண்ணைக் கண்டு திகைப்பதும் உண்டு. வகைகள் மூன்று. எக்ஸாக்ட்லி என்பது குறிப்பிட்ட அளவையே ஏற்க வேண்டும் என்னும் கட்டளை. அட்மோஸ்ட் என்பது குறிப்பிட்ட அளவுக்கு மேற்படாமல் விரும்பியதை எடுத்துக்கொள்ளலாம் என்னும் அனுமதி. அன்ஸ்பெசிஃபைடு என்பது எந்த வரம்பும் இல்லாத நிலை. செங்குத்தாக உருளும் ஸ்க்ரோல்வியூ தன் சேய்க்கு உயரத்தைப் பொறுத்தவரை மூன்றாவது வகையையே அனுப்புகிறது.

லேஅவுட் கோப்பில் எழுதப்படும் சொற்கள் நேரடியாக இவ்வகைகளாக மாறுவதில்லை. தாய் வியூவுக்கு வந்த வரையறையும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கிறது. சேய்க்குக் குறிப்பிட்ட அளவு எழுதப்பட்டிருந்தால் வழக்கமான கணக்கில் அது எக்ஸாக்ட்லி ஆகிவிடுகிறது. உள்ளடக்க அளவுக்கு மட்டும் இடம் கேட்கும் ராப்_கன்டென்ட், தாய்க்கு வரம்பு உள்ளவரை அட்மோஸ்ட் ஆகிறது. தாயின் இடம் முழுவதையும் கேட்கும் மேட்ச்_பேரன்ட், தாயின் அளவு உறுதியாகத் தெரிந்திருந்தால் மட்டுமே எக்ஸாக்ட்லி ஆகும். தாயே அட்மோஸ்ட் நிலையில் இருந்தால் சேய்க்கும் அட்மோஸ்ட்தான் கிடைக்கும். மேட்ச்_பேரன்ட் 2010இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 2.2 வரை ஃபில்_பேரன்ட் என்று வழங்கியது.

வரையறை வந்துசேரும் இடம் ஆன்மெஷர் என்னும் செயற்கூறு. இதை நிரலாளர் எழுதாமல் விட்டால் வியூ வகுப்பின் இயல்பான கணக்கே நடைபெறும். சிக்கலின் வேர் அங்குதான் உள்ளது. அக்கணக்கு, அட்மோஸ்டையும் எக்ஸாக்ட்லியையும் வேறுபடுத்தாமல், வந்த அளவை அப்படியே ஏற்றுக்கொள்கிறது. ஆகவே ராப்_கன்டென்ட் என்று எழுதப்பட்ட கஸ்டம் வியூ தாய்க்குக் கிடைத்த இடம் முழுவதையும் அடைத்துக்கொள்கிறது. அன்ஸ்பெசிஃபைடு வந்தாலோ, குறைந்தபட்ச அளவாகக் குறிக்கப்பட்டதையே அது எடுத்துக்கொள்கிறது. பின்புலப் படமும் குறைந்தபட்ச அளவும் இல்லாத வியூவுக்கு அது 0 பிக்சல். உருளும் பக்கத்தில் வியூ மறைந்துபோவதன் காரணம் பலநேரம் இதுவே.

முன்னேற்றத்தைக் காட்டும் வட்ட வளையம் ஒன்றை எடுத்துக்கொண்டால் கணக்கு தெளிவாகும். வளையத்தின் விட்டம் 120 டிபி, நான்கு புறமும் உள்விளிம்பு 8 டிபி என்று கொண்டால், வியூ விரும்பும் பக்க அளவு 136 டிபி ஆகும். டிபி என்பது ஓர் அங்குலத்துக்கு 160 பிக்சல் உள்ள திரையில் ஒரு பிக்சலுக்குச் சமமான அலகு. எனவே 420 அடர்த்தி கொண்ட திரையில் 136ஐ 2.625ஆல் பெருக்க, 357 பிக்சல் கிடைக்கிறது. இந்த எண்ணையும் வந்த மெஷர்ஸ்பெக்கையும் ரிசால்வ்சைஸ் என்னும் துணைச் செயற்கூற்றிடம் கொடுத்தால், எக்ஸாக்ட்லியாயின் வந்த அளவையும், அட்மோஸ்டாயின் இரண்டில் சிறியதையும், அன்ஸ்பெசிஃபைடாயின் 357ஐயும் அது திருப்பித் தரும். விடையைச் செட்மெஷர்டுடைமென்ஷன் வழியே பதிவுசெய்வது கட்டாயம். மறந்தால் செயலி பிழைச்செய்தியுடன் நின்றுவிடும். உள்விளிம்பைக் கணக்கில் சேர்ப்பது வியூவின் பொறுப்பு, வெளிவிளிம்போ தாய் வியூவின் பொறுப்பு என்பதால், வெளிவிளிம்பையும் இங்கே கூட்டுவது அதை இருமுறை கணக்கிடுவதாகிவிடும்.

அளந்து பதிவான அகலமும் வியூவின் உண்மை அகலமும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்னும் விதி இல்லை. இடமமைக்கும் கட்டத்தில் தாய் வேறு அளவை ஒதுக்கலாம் என்பதால், வளையத்தின் ஆரம், மையம் போன்றவற்றை ஆன்மெஷரில் கணக்கிடாமல், இறுதி அளவு மாறும்போது அழைக்கப்படும் ஆன்சைஸ்சேஞ்ச்டில் கணக்கிடுவதே முறை. திரை உருவாகும் தொடக்கத்திலேயே அகலத்தைக் கேட்டால் 0 என்று விடை வருவதும், அளவீடு அப்போது நடந்திராததால்தான். பின்னர் நிறம் மட்டும் மாறினால் மறுவரைவு கோரும் இன்வேலிடேட் போதும். எழுத்தின் நீளம் போல அளவைப் பாதிக்கும் ஒன்று மாறினால் ரிக்வெஸ்ட்லேஅவுட் அழைக்கப்பட வேண்டும். ஐயத்துக்கு இரண்டையும் எங்கும் அழைத்துவைக்கும் பழக்கம் பரவலானதே, ஆனால் தேவையற்ற வேலையைக் கூட்டுவது.

ஆன்மெஷர் ஒருமுறைதான் அழைக்கப்படும் என்றும் கொள்ள இயலாது. ரிலேட்டிவ்லேஅவுட் தன் சேய்களை இருமுறை அளக்கிறது; அத்தகைய நான்கு லேஅவுட்டுகள் ஒன்றினுள் ஒன்றாக அமைந்தால் கடைசி வியூ 16 முறை வரை அளக்கப்படலாம். ஆகையால் இச்செயற்கூற்றுக்குள் கனமான கணக்குகளையோ புதுப் பொருள் உருவாக்கத்தையோ வைப்பதில்லை. வியூ முறைக்கு மாற்றாக 2021இல் முதல் நிலையான பதிப்பு வெளிவந்த ஜெட்பேக் கம்போஸ், ஒரே அளவீட்டுச் சுற்றில் ஒரு சேயை இருமுறை அளக்க முற்பட்டால் பிழையெழுப்பி நிறுத்திவிடுகிறது. உள்ளடக்கத்தின் இயல்பான அளவை முன்கூட்டி அறிய வேண்டியவர்களுக்கு இன்ட்ரின்சிக் அளவீடு என்னும் தனி வழியைத் தருகிறது. ஐஃபோன் இயங்குதளமான ஐஓஎஸ்ஸிலும் இதற்கு ஒப்பான வழி உண்டு; அதன் ஆட்டோ லேஅவுட்டில், உள்ளடக்கத்தின் இயல்பான அளவை இன்ட்ரின்சிக்கன்டென்ட்சைஸ் என்னும் பண்பின் வழியே வியூ தெரிவிக்க, அந்த அளவிலிருந்து அது எவ்வளவு விரியலாம், எவ்வளவு சுருங்கலாம் என்பதை முன்னுரிமை எண்கள் தீர்மானிக்கின்றன.