எஸ்-100 இடைமுக அட்டைகளின் சுற்றுப்பட மீட்டுருவாக்கம்

1970களின் நுண்கணினிகளில் செருகப்பட்டு, கையேடு தொலைந்துபோன இடைமுக அட்டைகளைக் கொண்டே அவற்றின் மின்சுற்று வரைபடத்தை மறுபடி வரைந்தெடுக்கும் பணி இது.

இவ்வட்டைகளின் வரலாறு அமெரிக்காவின் ஆல்புகர்க்கி நகரிலிருந்த மிட்ஸ் நிறுவனத்தின் ஆல்டேர் 8800 கணினியில் தொடங்குகிறது. 1975 ஜனவரி ‘பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ்’ இதழின் முகப்பில் வந்த அக்கணினி இன்டெல் 8080 செயலியில் இயங்கியது. அட்டைகளை இணைக்கும் அதன் 100 முனை பாட்டையை (bus) மற்ற நிறுவனங்களும் பின்பற்றின. 1976இல் குரோமெம்கோ நிறுவனர்கள் ஹாரி கார்லண்டும் ராஜர் மெலனும் அதற்கு எஸ்-100 என்று பெயரிட்டனர். சீராக்கப்படாத 8 வோல்ட் பாட்டையில் வரும். அதை 5 வோல்ட்டாகக் குறைப்பது அந்தந்த அட்டையின் வேலை. இந்த எளிமையால் சிறு நிறுவனங்கள்கூட கேசட், பிளாப்பி, தொடர்நிலை இடைமுகங்களைச் செய்து விற்றன. அந்நிறுவனங்கள் மூடப்பட்டபோது வரைபடங்களும் காணாமற்போயின. 1983இல் இப்பாட்டைக்கான ஐஇஇஇ 696 தரநிலை வந்தபோது எஸ்-100 சந்தை தேய்ந்துகொண்டிருந்தது.

அட்டையின் இருபுறத்தையும் ஸ்கேன் செய்து, செப்புத் தடங்களை ஒன்றின்மேல் ஒன்று பொருத்திப் பார்ப்பது முதல் வேலை. சிப்புகளுக்கு அடியில் மறையும் தடங்களை மல்டிமீட்டர் காட்டிக்கொடுக்கும். விளிம்பு முனைகளிலிருந்து தொடங்குவதே நல்லது: 1, 51 இரண்டும் 8 வோல்ட், 50, 100 இரண்டும் தரை, 45 வெளியீட்டையும் 46 உள்ளீட்டையும் அறிவிக்கும். இவற்றைப் பின்தொடர்ந்தால் அட்டை எந்த முகவரிக்குப் பதில் சொல்கிறது என்பது விளங்கும். 14 கால் டிடிஎல் சிப்புகளில் பெரும்பாலும் 7ஆம் கால் தரை, 14ஆம் கால் 5 வோல்ட். 7490 போன்றவை இதற்கு விலக்கு. 7490இல் தரை 10ஆம் கால், மின்சாரம் 5ஆம் கால். இதைக் கவனியாதவர் வரைந்த படம் முழுவதும் பிழையாகிவிடும்.

இப்படிக் கிடைக்கும் இணைப்புப் பட்டியல் மட்டும் வரைபடம் ஆகாது. ஒரே 7400 சிப்பின் நான்கு தர்க்கக் கதவுகள் நான்கு வேறு பணிகளில் சிதறிக் கிடக்கும். அவற்றைப் பணிவாரியாகப் பிரித்து வரைவதில்தான் வரைபவரின் அறிவு தெரிகிறது. மூல வடிவமைப்பின் தவறுகளையும், பின்னர் சாலிடர் செய்த திருத்தக் கம்பிகளையும் உள்ளபடியே காட்டுவதே முறை. திருத்தி வரைந்தது ஆவணமன்று, புது வடிவமைப்பு.

1978இல் அறிமுகமான, நிரலிடத்தக்க தர்க்கச் சிப்புகளான பால் (PAL) சிப்புகள் அட்டையில் இருந்து, அவற்றின் பாதுகாப்பு உருகி எரிக்கப்பட்டிருந்தால் உள்ளடக்கத்தைப் படிக்க இயலாது. நினைவுக்கூறு இல்லாத வகையெனில் எல்லா உள்ளீடுகளையும் கொடுத்துப் பார்த்து விடையை ஊகிக்கலாம். இன்று இவ்வரைபடங்கள் கிகேட் (KiCad) போன்ற இலவச மென்பொருள்களில் வரையப்படுகின்றன.