அக்ரிலிக் கடைசல் (பள்ளிப் பட்டறை)

நெய்யாற்றின்கரை வட்டத்துக் குளத்தூர் உள்ளிட்ட கேரள அரசுத் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளிகளில் 8 முதல் 10ஆம் வகுப்பு வரை பாடத்தோடு பட்டறைப் பயிற்சியும் உண்டு. அத்தகைய பட்டறைக்கு ஏற்ற பொருள் அக்ரிலிக். எடை குறைவு, அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1.19 கிராம். சுமார் 100 பாகை செல்சியசில் இளகத் தொடங்கும். வெப்பமே இதன் பெரும்பகை: மழுங்கிய துரப்பணம் உரசினால் சீவல் உருகித் துளையில் ஒட்டும், ஓரம் வெடிக்கும். உலோகத்துக்கான துரப்பண முனை தகட்டைக் கவ்வி இழுத்து உடைத்துவிடும். ஆகவே முனையின் வெட்டுவிளிம்பைச் சற்றுத் தட்டையாக்கி, அடியில் பலகை வைத்து, மெல்ல இறக்க வேண்டும். வார்ப்புத் தகட்டைப் பிழிவுத் தகட்டைவிடச் சுத்தமாகக் கடையலாம். கடைந்த பாகத்தை ஸ்பிரிட்டால் துடைத்தால் நுண்விரிசல் விழும், சோப்புநீர் போதும். மாணவர் பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் இயந்திரத்தை இயக்கவே கூடாது.