பத்திரம் படும் பாடு – 9
எழுத்து மாறிய இடம்

1949 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தில் சென்ற வாரம் நிறுத்தினோம். பிரஜாவுரிமைக்கு மனுப்போட்ட தோட்டத் தொழிலாளி, இந்த நாட்டில் தொடர்ந்து குடியிருந்ததைப் பத்திரம் காட்டி நிரூபிக்க வேண்டும். யட்டியாந்தோட்டையில் றப்பர் பால் வெட்டியவரின் பெயர் செக்ரோல் என்ற தோட்டப் பதிவேட்டில் இருந்தது. செக்ரோலோ தோட்டத் துரையின் ஆபீசில் இருந்தது. பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர், செக்ரோலில் வேறொரு பெயர் என்றால் அலைச்சல் தலைமுறைக்கும் நீண்டது.

1964இல் இவர்களின் பிரஜாவுரிமை குறித்துச் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 2003இல் வந்த சட்டம் எஞ்சியிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுத்தது. பெயர்ப் பிழை மட்டும் அப்படியே நின்றது. அதைத் திருத்தக் கடிதம் வேண்டும். அதற்குள் டவுன் கடைகளில் தட்டச்சுப் பொறி போய்க் கொம்பியூட்டர் வந்துவிட்டது.

கண்டம் அங்கேதான் காத்திருந்தது. இலங்கையில் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில்தான் தமிழ் தட்டினோம். திரையில் ‘அம்மா’ என்று தெரியும். கோப்புக்குள் இருப்பதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில விசைகள்! வேர்ட் கோப்பு அந்த விசைகளையும் எழுத்துருவின் பெயரையும்தான் வழக்கமாகச் சுமந்து போகும். எழுத்தின் உருவத்தை அல்ல. பாமினி இல்லாத கொம்பியூட்டரில் திறந்தால் அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. கையொப்பக் கோடு அடுத்த பக்கத்துக்கு ஓடியிருக்கும். ஓர் எழுத்துப் பிசகால் தலைமுறை தலைமுறையாக அலைந்த மக்களின் பெயர் இப்படிச் சிதைவதைச் சின்ன விஷயமாக என்னால் எண்ண முடியவில்லை.

மருந்து வேறொரு கண்டத்தில் தயாராகியிருந்தது. எந்தக் கொம்பியூட்டரில் திறந்தாலும் பக்கம் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்று அடோபி நிறுவனத்தின் ஜோன் வார்னொக் 1991இல் ஒரு குறிப்பு எழுதினார். 1993இல் பிடிஎஃப் வெளிவந்தது. எந்த எழுத்து எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதோடு, எழுத்தின் உருவத்தையும் கோப்புக்குள்ளேயே பதித்து அனுப்பலாம். பெறுபவரிடம் பாமினி தேவையில்லை. ஆனால் அப்படி மாற்றித் தரும் அடோபியின் மென்பொருளுக்குக் காசு கட்ட வேண்டியிருந்தது. அதனால் நமக்கு 1993ஐ விட 2003தான் பெரிய வருஷம் என்பேன். பிரஜாவுரிமைச் சட்டம் வந்த அதே ஆண்டில், இலவச மென்பொருளான ஓப்பன் ஆபீஸ் ஒரே சொடுக்கில் பிடிஎஃப் எடுக்கும் வசதியைத் தந்தது. வேர்ட் 2007க்கு அது தனி இணைப்பாக வந்து, 2009இல் உள்ளேயே சேர்ந்தது. 2008இல் பிடிஎஃப் சர்வதேசத் தரமும் ஆனது.

இனி கேகாலையில் தட்டிய கடிதம் கொழும்பிலும் அதே கடிதம்தான். கொம்பு, கால், புள்ளி எதுவும் பிசகாது. பெயர் பிழைத்தது என்று நம்பினோம்.

கடிதங்கள் நூற்றுக்கணக்கில் சேர்ந்த பிறகு, அவற்றில் ஒரு பெயரைத் தேட வேண்டி வந்தது. பெயர் திரையில் பளிச்சென்று தெரிகிறது. தேடல் பெட்டியில் யூனிகோட் தமிழில் அதே பெயரைத் தட்டினால், அப்படி ஒருவர் இல்லவே இல்லை என்கிறது கொம்பியூட்டர்!

கண்ணுக்குத் தெரியும் பெயர் எங்கே ஒளிந்துகொண்டது?

(அடுத்த வாரம் தொடரும்)