கட்டடங்கள் வானிலை அறிந்த வரலாறு



பெரிய மருத்துவமனைகள், அலுவலக மாடங்கள், பல்கலைக்கழகக் கட்டடங்கள் ஆகியவற்றின் மொட்டைமாடியில் மெல்லிய கம்பம் ஒன்று நிற்பதைச் சிலர் கண்டிருக்கலாம். அதன் உச்சியில் மூன்று கிண்ணங்கள் காற்றில் சுழலும். சற்றுக் கீழே, வெண்ணிறத் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்தாற்போல ஒரு சிறு கூண்டு இருக்கும். அருகில் ஒரு மழைமானியும் இருக்கலாம். இதனை வானிலை ஆய்வுத் துறையின் கருவி எனப் பலர் எண்ணுவர். ஆனால், பெரும்பாலும் அஃது அக்கட்டடம் தன் பயனுக்கென வைத்துக்கொண்ட கருவியே ஆகும். வெளியில் வெயிலா, மழையா, காற்றா என்பதை அறிந்து, உள்ளிருக்கும் குளிர்சாதனத்தையும் திரைகளையும் விளக்குகளையும் தானே இயக்குவதற்குக் கட்டடத்திற்கு அந்தக் கம்பமே கண்ணும் தோலுமாக உள்ளது.

கட்டடத் தன்னியக்கம் என்று இன்று நாம் சொல்லும் இத்துறை கணினியோடு பிறந்தது என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. அதன் வேர்கள் மிகப் பழமையானவை. அவ்வரலாற்றில் ஓர் ஆசிரியருக்கும் சிறப்பிடம் உண்டு என்பது நம்மைப் போன்றோர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தியாகும்.

கூரையிலிருந்து கூடத்திற்கு

கிரேக்க நாட்டின் ஏதென்சு நகரில் 'காற்றுகளின் கோபுரம்' என்னும் எண்கோண வடிவப் பளிங்குக் கட்டடம் இன்றும் நிற்கின்றது. ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமையுடைய இதனை எழுப்பியவர் ஆந்திரோனிக்கசு என்பார். எட்டுத் திசைக் காற்றுகளின் உருவங்கள் அதன் எட்டுப் பக்கங்களிலும் செதுக்கப்பட்டுள்ளன. உச்சியில் வெண்கலத்தாலான காற்றுத் திசைகாட்டி ஒன்று சுழன்றது என உரோமானியக் கட்டடக்கலை அறிஞர் விட்ருவியசு எழுதியுள்ளார். சுவர்களில் சூரியக் கடிகாரங்களும் உள்ளே நீர்க் கடிகாரமும் இருந்தன. வானிலைக் கருவியைத் தாங்குவதற்கென்றே ஒரு கட்டடம் எழுந்தது என்பது வியப்பன்றோ? எனினும், காற்றின் திசையை அறிய விரும்பியவர் வெளியில் நின்று அண்ணாந்து பார்த்தே ஆகவேண்டும்.

கூரையின் செய்தி கூடத்திற்குள் இறங்கி வந்ததற்கு இலண்டன் மாநகரின் கென்சிங்டன் அரண்மனை நல்ல சான்றாகும். 1694ஆம் ஆண்டில் மூன்றாம் வில்லியம் மன்னருக்காக அங்கே ஒரு காற்று முகப்பு அமைக்கப்பட்டது. கூரைமேல் இருந்த திசைகாட்டியோடு அது பொறியால் இணைக்கப்பட்டிருந்தது. மன்னர் தம் கூடத்தில் இருந்தவாறே காற்றின் திசையை அறிந்தார். பாய்மரக் கப்பல்களின் காலத்தில் காற்றின் திசை அரசியல் செய்தியாகும். பகைவர் கப்பல் புறப்படுமா, தம் கப்பல் கரை சேருமா என்பதெல்லாம் அதனைப் பொறுத்தே அமைந்தன. கூரைமேல் உணரி, கீழே அறிவிப்புப் பலகை என்னும் இன்றைய அமைப்பின் முன்னோடி இதுவே எனலாம்.

கருவிகள் செப்பமடைந்த காலம்

இன்றைய கம்பத்தில் உள்ள கருவிகள் ஒவ்வொன்றிற்கும் தனித்தனி வரலாறு உண்டு. நீர் நிறைந்ததும் தானே கவிழும் கிண்ண அமைப்பை மழைமானியில் பயன்படுத்தும் எண்ணம், 17ஆம் நூற்றாண்டில் கட்டடக்கலை அறிஞர் கிறிசுதோபர் ரென் என்பவரிடம் தோன்றியது. இலண்டனின் புனித பவுல் பேராலயத்தை வடிவமைத்தவரும் அவரே.

கிண்ணங்கள் சுழலும் காற்று வேகமானியை 1846இல் அறிமுகப்படுத்தியவர் அயர்லாந்தின் ஆர்மா வானாய்வகத்தைச் சேர்ந்த தாமசு ரோம்னி ராபின்சன். அவரது கருவியில் நான்கு கிண்ணங்கள் இருந்தன. 1926இல் கனடாவைச் சேர்ந்த ஜான் பேட்டர்சன் அதனை மூன்று கிண்ணங்களாகத் திருத்தினார். இன்று நாம் காண்பது அவ்வடிவமே.

வெப்பமானியின் வரலாற்றில் ஒரு பெருஞ்சிக்கல் இருந்தது. வெயிலில் வைத்தால் அது காற்றின் வெப்பத்தைக் காட்டாமல், வெயிலால் சூடேறிய தன் வெப்பத்தையே காட்டும். காற்றுப் புகாத நிழலில் வைத்தாலோ அடைபட்ட காற்றின் வெப்பத்தைக் காட்டும். இதற்குத் தீர்வு கண்டவர், கலங்கரை விளக்கங்களைக் கட்டிய இசுகாட்லாந்துப் பொறியாளர் தாமசு இசுடீவன்சன். 'புதையல் தீவு' என்னும் புதினத்தை எழுதிய இராபர்ட் லூயி இசுடீவன்சனின் தந்தையார் இவர். வெயிலைத் தடுத்துக் காற்றை மட்டும் உள்ளே விடும் இரட்டைச் சாய்பலகைச் சுவர்களையுடைய வெண்ணிற மரக்கூண்டை 1864இல் இவர் விளக்கி எழுதினார். நம் மொட்டைமாடிக் கம்பத்தில் உள்ள வெண்தட்டுக் கூண்டு, அம்மரக்கூண்டின் பேரப்பிள்ளை என்றால் பொருந்தும்.

மலாயாவில் வெளியும் உள்ளும்

வானிலையை முறையாக அளக்கும் பணி நம் வட்டாரத்திற்கும் அக்காலத்திலேயே வந்து சேர்ந்தது. 1841 முதல் 1845 வரை சிங்கப்பூரில் கிழக்கிந்தியக் கும்பினியின் காந்தப்புல ஆய்வகம் ஒன்று இயங்கியது. அதனை நடத்தியவர் சென்னைப் பொறியாளர் படையைச் சேர்ந்த எலியட் என்னும் அதிகாரி. அங்கே காந்த அளவீடுகளுடன் வானிலை அளவீடுகளும் எடுக்கப்பட்டன.

வெளியில் கருவிகள் வெப்பத்தை அளந்தன. உள்ளே அவ்வெப்பத்தைத் தணித்தவை மனிதக் கைகள். அலுவலகங்களிலும் தேவாலயங்களிலும் துரைமார் இல்லங்களிலும் கூரையிலிருந்து தொங்கிய 'பங்கா' என்னும் பெருவிசிறியைக் கயிற்றால் இழுப்பதற்கென்றே ஆட்கள் அமர்த்தப்பட்டனர். அவர்களுட் பலர் இந்தியத் தொழிலாளர்கள். புழுக்கம் மிகுந்தால் விரைந்து இழுக்கவும், மழை பெய்து குளிர்ந்தால் மெல்ல இழுக்கவும் வேண்டும். உணர்தல், முடிவெடுத்தல், இயக்குதல் ஆகிய மூன்றும் ஒரே மனிதரிடம் இருந்தன. இன்று அம்மூன்றும் உணரி, கட்டுப்படுத்தி, இயக்கி என மூன்று கருவிகளுக்குப் பிரித்துத் தரப்பட்டுள்ளன. மின்விசிறி வந்தபின் பங்கா மறைந்தது. அதனை இழுத்தோரின் பெயர்கள் பெரும்பாலும் எந்த ஏட்டிலும் எழுதப்படாமலே மறைந்தன.

ஓர் ஆசிரியரின் மணி

உணரும் பணியை மனிதரிடமிருந்து கருவிக்கு மாற்றும் முயற்சி குளிர்நாடுகளில் முன்னரே தொடங்கியிருந்தது. இரு வேறு உலோகத் தகடுகளை ஒட்டி, வெப்பத்தால் அவை வளைவதைக் கொண்டு வெப்பத்தை நெறிப்படுத்தும் கருவிக்கு ஆண்ட்ரூ யூர் என்னும் இசுகாட்லாந்து வேதியியலாளர் 1830இல் காப்புரிமை பெற்றார். நெசவாலைகளின் வெப்பநிலையைச் சீராக வைப்பது அவரது நோக்கம்.

ஆனால், இக்கலையைக் கட்டடங்களுக்குள் பரவச் செய்தவர் ஒரு கல்லூரி ஆசிரியர். அமெரிக்காவின் விசுகான்சின் மாநிலத்தில், வைட்வாட்டர் என்னும் ஊரில் இருந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய வாரன் ஜான்சன் என்பவரே அவர். குளிர்காலத்தில் அக்கல்லூரியின் அடித்தளத்தில் உலை எரியும். அதனைக் கவனிக்கும் பணியாளர், வகுப்பறைகளின் வெப்பநிலையை அறிய ஒவ்வொரு வகுப்பாக வந்து பார்த்துச் செல்ல வேண்டும். பாடம் நடக்கும்போது கதவு திறக்கும், மாணவர் தலைகள் திரும்பும், பாடம் தடைபடும். ஆசிரியராயிருப்போர்க்கு இத்துன்பத்தை விளக்க வேண்டியதில்லை.

ஜான்சன் ஒரு வழி கண்டார். வகுப்பறையில் வைத்த கருவி, வெப்பம் கூடினாலோ குறைந்தாலோ மின்தொடர்பை ஏற்படுத்தும். உடனே அடித்தளத்தில் மணி ஒலிக்கும். பணியாளர் மேலே வராமலே காற்றுக் கதவைத் திறப்பார் அல்லது மூடுவார். இக்கருவிக்கு 1883இல் காப்புரிமை கிடைத்தது. 1885இல் மில்வாக்கி நகரில் அவருடைய நிறுவனம் தொடங்கியது. 1895இல், அழுத்தப்பட்ட காற்றின் ஆற்றலால் ஒவ்வோர் அறையின் வெப்பத்தையும் தனித்தனியே தானாகவே நெறிப்படுத்தும் முறைக்கும் காப்புரிமை பெற்றார். மணி கேட்டு எழுந்த பணியாளரின் கையும் அதன்பின் தேவைப்படவில்லை.

உள்ளறையின் செய்தியை மட்டும் கேட்ட கட்டடம், அடுத்து வெளியின் செய்தியையும் கேட்கத் தொடங்கியது. வெளியில் குளிர் மிகுந்தால் வெந்நீர்க் குழாய்களின் வெப்பத்தை முன்கூட்டியே உயர்த்துவது, குளிர் தணிந்தால் குறைப்பது என்னும் முறை குளிர்நாடுகளில் பரவியது. அறை குளிர்ந்தபின் விழித்துக்கொள்வதைவிட, குளிர் வருமுன் ஆயத்தமாவது மேலானது அன்றோ? வெளிச்சுவரில் ஓர் உணரி வைக்கும் வழக்கம் இவ்வாறு வேரூன்றியது.

நம் நாடுகளில் வெப்பத்தைவிட ஈரப்பதமே பெருஞ்சிக்கல். இதற்கான அடிப்படைக் கணக்குகளை வகுத்தவர் வில்லிசு கேரியர். 1902இல் நியூயார்க்கு நகரின் புரூக்ளின் பகுதியில், ஈரத்தால் தாள் விரிந்து சுருங்கி அச்சு பிசகிய ஓர் அச்சகத்திற்காக அவர் வடிவமைத்த அமைப்பே இன்றைய குளிர்சாதனத்தின் தொடக்கமாகக் கருதப்படுகின்றது. பெரிய கட்டடங்களின் மொட்டைமாடியில் உள்ள குளிர்கோபுரம், நீரைக் காற்றின் ஈரக்குமிழ் வெப்பநிலைக்கு அருகில்தான் குளிர்விக்க இயலும். அதற்குக் கீழே இயலாது. வெளிக்காற்றின் வெப்பமும் ஈரப்பதமும் தெரிந்தால் அவ்வெல்லையைக் கட்டுப்படுத்தி கணக்கிடும். எட்ட முடியாத குளிரை நாடி விசிறிகள் வீணே சுழன்று மின்சாரத்தைத் தின்னாமல் அது காக்கும்.

வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்குப் பொதுமொழி வேண்டியிருந்தது. 1987இல் அமெரிக்காவில் தொடங்கிய முயற்சி 1995இல் 'பேக்நெட்' என்னும் தரமாக நிறைவேறியது. ஐரோப்பாவில் 1990இல் தொடங்கிய மற்றொரு முயற்சி, பின்னர் 'கே.என்.எக்சு' என்னும் பொதுத்தரமாக வளர்ந்தது. இன்று கூரைமேல் உள்ள வானிலை நிலையம் ஒரே இணைப்புக் கம்பியின் வழியே திரை, சன்னல், விளக்கு, குளிர்சாதனம் அனைத்திற்கும் செய்தி சொல்கின்றது.

எங்கே நிறுத்துவது?

இத்தனை அறிவும் ஒரே ஒரு கேள்வியில் வந்து நிற்கின்றது: கம்பத்தை எங்கே நிறுத்துவது? வானிலைத் துறையினர்க்குத் தெளிவான இலக்கணம் உண்டு. காற்றைத் திறந்தவெளியில் 10 மீட்டர் உயரத்திலும், காற்றின் வெப்பத்தைத் தரையிலிருந்து ஏறத்தாழ 1.25 முதல் 2 மீட்டர் உயரத்திலும் அளக்க வேண்டும் என்பது உலக வானிலை அமைப்பின் நெறி. மொட்டைமாடியில் அந்நெறியை முழுமையாகக் கடைப்பிடிக்க இயலாது. ஆயினும் அதன் உட்பொருளைக் காக்கலாம்.

வெப்ப உணரி, குளிர்சாதனத்தின் வெளிப்பெட்டி, சமையலறைப் புகைபோக்கி, குளிர்கோபுரம் ஆகியவற்றின் அருகில் இருத்தல் ஆகாது. இருந்தால், கட்டடம் தன் மூச்சையே ஊரின் காற்று என நம்பும். காற்று வேகமானி, கைப்பிடிச் சுவரால் குழம்பும் காற்றுக்கு மேலே உயர்ந்து நிற்க வேண்டும். திசைகாட்டியை வடக்கு நோக்கிச் சரியாகப் பொருத்த வேண்டும். வெயில் உணரிமேல் நீர்த்தொட்டியின் நிழல் விழக்கூடாது. மழைமானி மட்டமாக நிற்க வேண்டும். அதில் இலையும் தூசியும் அடைக்காமல் அவ்வப்போது துப்புரவு செய்ய வேண்டும். இடிமின்னல் மிகுந்த நம் நாடுகளில், உயர்ந்து நிற்கும் உலோகக் கம்பத்திற்கும் அதன் கம்பிகளுக்கும் மின்னல் காப்பு இன்றியமையாதது. துப்புரவுக்கும் சரிபார்ப்புக்கும் ஒருவர் பாதுகாப்பாக ஏறிச்செல்ல வழியும் வேண்டும்.

இன்னொரு நுட்பமும் இங்கே எண்ணத்தக்கது. ஜான்சனின் மணி ஒலிக்காதவரை 'எல்லாம் நலம்' என்றே பொருள். கம்பி அறுந்திருந்தாலும் மணி ஒலிக்காது. பணியாளரும் நலம் என்றே எண்ணியிருப்பார். செவ்வனே அமைக்கப்பட்ட இன்றைய அமைப்பில் காற்று உணரி, குறித்த இடைவெளியில் தன் செய்தியை மீண்டும் மீண்டும் அனுப்பும். செய்தி வராவிட்டால், புயலடிப்பதாகவே கருதி வெளித்திரைகள் சுருண்டு மேலேறிக்கொள்ளும். மௌனத்தை நலம் என எண்ணியிருந்த பொறியியல், மௌனத்தை இடர் எனக் கொள்ளக் கற்றுக்கொண்டது.

வகுப்பறைக்குத் திரும்புவோம்

மலேசியாவில் பதிவான மிக உயர்ந்த வெப்பநிலை, 1998 ஏப்ரல் 9ஆம் நாள் பெர்லிசு மாநிலத்தின் சுப்பிங்கில் பதிவான 40.1 பாகை செல்சியசு. சிங்கப்பூரில் 1983இல் பதிவான 37 பாகை, 2023 மே 13ஆம் நாள் அங் மோ கியோவில் மீண்டும் எட்டப்பட்டது. 2016 ஏப்ரலில் கடும் வெப்பத்தால் பெர்லிசிலும் கெடாவின் சில பகுதிகளிலும் பள்ளிகள் மூடப்பட்டன. 2023 சூலையில் சிங்கப்பூர், வெப்பம், ஈரப்பதம், காற்று, வெயில் ஆகிய நான்கையும் சேர்த்துக் கணக்கிடும் வெப்ப அழுத்த அறிவுரை முறையைத் தொடங்கியது.

வானிலைத் துறை சொல்லும் வெப்பநிலை, நிழற்கூண்டில், திறந்தவெளியில் எடுக்கப்பட்டது என்பதை நாம் மறத்தல் ஆகாது. தகரக்கூரையின்கீழ், காற்றோட்டமற்ற மாடி வகுப்பறையில் நாற்பது பிள்ளைகள் உணரும் வெப்பம் வேறு. அந்த இடைவெளியை அறியப் பெருஞ்செலவு தேவையில்லை. நிழலில், காற்றோட்டமுள்ள வெண்கூண்டில் ஒரு வெப்பமானி, வகுப்பறையில் இன்னொன்று, நாள்தோறும் ஒரே நேரத்தில் குறித்துவைக்க ஓர் ஏடு. இவை இருந்தாலே போதும். அறிவியல் வகுப்பு மாணவர்கள் ஓராண்டு குறித்துவைத்த ஏடு, விசிறி வேண்டியும் நிழல்மரம் வேண்டியும் பள்ளி எழுதும் விண்ணப்பத்திற்கு அசைக்கமுடியாத சான்றாக நிற்கும்.

வகுப்பறை வசதியாக இருந்தால்தான் பாடம் மனத்தில் ஏறும் என்பதை 1883இலேயே ஓர் ஆசிரியர் உணர்ந்தார். அவர் தொடங்கிய கலை இன்று வணிக வளாகங்களையும் வானளாவிகளையும் குளிர்விக்கின்றது. அது பிறந்த இடமாகிய வகுப்பறைகள் பலவற்றை மட்டும் இன்னும் எட்டவில்லை.