ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீர்

புதுக்கோட்டைக்குப் போகிறவர்கள் சித்தன்னவாசல் ஓவியங்களைப் பார்த்துவிட்டு வருவார்கள். நானும் பார்த்தேன். ஆனால் ஊர் திரும்பிய பிறகும் என் மனத்தை விட்டு அகலாதது, உறவுக்காரப் பெண் ஒருத்திக்குத் துணையாகச் சென்றபோது கிராமத்துச் சுகாதார நிலையத்தில் கண்ட ஒரு டம்ளர் குளுகோஸ் தண்ணீர்தான்.

"வாயும் வயிறுமா இருக்கிற புள்ளைக்கு இனிப்பைக் குடுத்துட்டு ரத்தத்தை எடுக்குறீயளே, தாயி!" என்று அங்கலாய்த்தாள் ஒரு கிழவி.

"ரெண்டு மணி நேரந்தான், அப்பத்தா. பேரன் நல்லபடியாப் பொறக்கணுமில்ல?" என்றாள் நர்ஸ்.

எனக்குப் பெரியம்மாவின் ஞாபகம் வந்தது. திருமயத்தில் வாழ்க்கைப்பட்டவள். மூன்று முறை வளைகாப்பு நடந்தது. ஒரு முறையும் தொட்டில் ஆடவில்லை. மூன்றும் பெரிய பெரிய பிள்ளைகள். மூன்றும் உயிரில்லாமலே பிறந்தன. உறவினர் அவள் ஜாதகத்தைக் குறை சொன்னார்கள். அடுத்த முறை உடம்பு தேறட்டும் என்று வெல்லமும் பணியாரமுமாக ஊட்டினார்கள். காரணம் சர்க்கரைதான் என்று இன்று யாரால் நிரூபிக்க முடியும்? சோதித்துப் பார்க்க அன்று ஆளில்லை என்பது மட்டும் நிச்சயம்.

இதே புதுக்கோட்டையில் 1886ல் பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. ஆண்கள் படித்த மகாராஜா கல்லூரியில் மன்னரின் அனுமதியோடு சேர்ந்து, பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து 1912ல் பட்டம் பெற்றார். அப்போது உலகில் எந்த டாக்டரிடமும் இன்சுலின் கிடையாது. நீரிழிவுக்காரி கர்ப்பம் தரிப்பதே அபூர்வம். தரித்தால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. 1921ல் டொரொண்டோ நகரில் பாண்டிங்கும் பெஸ்டும் இன்சுலினைக் கண்ட பிறகே தாய்மார்கள் பிழைக்கலானார்கள்.

அப்படியும் ஒரு புதிர் மிச்சமிருந்தது. முன்பு நோயே இல்லாதவளுக்கு, கர்ப்ப காலத்தில் மட்டும் சர்க்கரை ஏறுவானேன்? நஞ்சுக்கொடியில் சுரக்கும் ரசங்கள் தாயின் இன்சுலினை மழுங்கச் செய்கின்றன என்பது விடை. நஞ்சுக்கொடி வழியே சர்க்கரை சிசுவுக்குப் போகும். தாயின் இன்சுலின் போகாது. ஆகவே சிசு தானே இன்சுலினை மிகுதியாகச் சுரந்து கொழுக்கிறது. நாம் 'ராஜா மாதிரி' என்று பூரித்துப் போவது சில சமயம் அந்தக் கொழுப்பைக் கண்டுதான்! உயிரணுக்களின் கதை இன்னும் நுட்பமானது. சர்க்கரை மிஞ்சினால், அணுவுக்குள் அதை எரித்துச் சக்தியாக்கும் உலைகள் தடுமாறுகின்றன; அங்கிருந்து கிளம்பும் முரட்டு ஆக்ஸிஜன் துணுக்குகள் ரத்தக் குழாய்ச் சுவரைப் புண்படுத்துகின்றன. பிள்ளை வளர்ந்த பிறகும் பருமனும் நீரிழிவும் தேடி வர அதுவே வழி திறக்கக்கூடும்.

1964ல் பாஸ்டன் நகரில் ஓசல்லிவன் என்ற டாக்டர், 752 கர்ப்பிணிகளைச் சோதித்து இதற்கு ஒரு கணக்கு வகுத்தார். ஆனால் வெறும் வயிற்றோடு வந்து மணிக்கணக்கில் காத்திருக்க நம் கிராமத்துப் பெண்களால் ஆகுமா? சென்னை டாக்டர் வீ. சேஷய்யா அதை உணர்ந்தார். சாப்பிட்டு வந்தாலும் சரி, 75 கிராம் குளுகோஸ், இரண்டு மணி நேரம், ஒரே ஒரு சோதனை. 140 மில்லிகிராமை எட்டினால் சிகிச்சை என்று எளிமையாக்கினார். அவரும் மற்றவர்களும் 2008ல் வெளியிட்ட ஆய்வில், தமிழ்நாட்டு நகரங்களில் நூற்றுக்கு 17.8 பேருக்கும், கிராமங்களில் 9.9 பேருக்கும் இந்தக் கோளாறு இருந்தது. 2007லேயே தமிழக அரசு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இச்சோதனையை விதித்துவிட்டது. சோதனையில் அகப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு உணவுக் கட்டுப்பாடும் நடையுமே போதும். போதாதவர்களுக்கு இன்சுலின் உண்டு.

எங்கள் பெண்ணின் கணக்கு 140க்குக் கீழேதான் இருந்தது. ஆறாம் மாதம் மறுபடி வரச் சொன்னார்கள்.

பெரியம்மா இன்று இல்லை. இருந்து இதையெல்லாம் கேட்டிருந்தால், "அப்படியானால் குற்றம் என் மேல் இல்லையா?" என்ற ஒரே கேள்வியைத்தான் கேட்டிருப்பாள்.