இரண்டாம் காய்ச்சல்

ஒருமுறை அம்மை வார்த்துவிட்டால் பிறகு அச்சமில்லை என்று நம் வீட்டுப் பெரியோர் சொல்வதுண்டு. நோய் கண்ட உடல் அதனை எதிர்க்கும் பொருளைக் குருதியிலே ஆக்கி வைத்துக்கொள்கிறது. ஆதலின் அந்நம்பிக்கை பெரிதும் மெய்யே. டெங்குக் காய்ச்சலோ இவ்விதிக்கு அடங்கவில்லை. அதனை மருத்துவ உலகம் உணர்ந்தது குழந்தைகளின் படுக்கையருகே.

டெங்கு நெடுங்காலம், எலும்பை முறிப்பதுபோல் வலிக்கச் செய்து பின் தானே விட்டுப்போகும் காய்ச்சலாகவே கருதப்பட்டது. பின்னாளில் போலியோச் சொட்டு மருந்தால் புகழ்பெற்ற ஆல்பர்ட் சாபின், அதன் வைரஸில் இரு வகைகள் உண்டென 1944 வாக்கில் காட்டினார். ஒரு வகை கண்டவரை அதே வகை நெடுங்காலம் தீண்டாது. மற்ற வகைக்கு எதிரான காப்போ சில மாதங்களே நிற்கும். இக்கண்டுபிடிப்பின் பொருள் அப்போது விளங்கவில்லை. 1953-54இல் மணிலா நகரில் குழந்தைகள் இரத்தம் கசிந்து, நாடி தளர்ந்து மாண்டனர். 1956இல் அங்கே மேலும் இரு வகைகள் அகப்பட்டன. 1958இல் பாங்காக்கிலும், 1963இல் நம்மவர் பலர் குடியேறி வாழும் கல்கத்தாவிலும் இரத்தக் கசிவுடன் கூடிய டெங்கு தலைகாட்டியது.

அறுபதுகளில் பாங்காக்கில் ஆராய்ந்த அமெரிக்க மருத்துவர் ஸ்காட் ஹால்ஸ்டெட் ஒரு விந்தையைக் கவனித்தார். கடும் நோயுற்ற குழந்தைகளுள் பெரும்பாலோர் முன்னரே வேறொரு வகை டெங்கு கண்டவர்கள். எஞ்சியோருள் ஒரு வயதும் நிரம்பாத சிசுக்கள் பலர். அவர்களுக்கு அதுவே முதற்காய்ச்சல். இவ்விரு சாராருக்கும் பொதுவானது யாது? சிசுக்களின் குருதியில் தாய் தந்த எதிர்ப்பொருள் இருந்தது! பழைய எதிர்ப்பொருள் புதுவகை வைரஸைப் பற்றுகிறது. அழிக்க வலிமை போதவில்லை. கிருமிகளை விழுங்கும் வெள்ளணுக்களோ எதிர்ப்பொருளை அடையாளங்கண்டு, அது பற்றிய வைரஸையும் உள்ளே ஏற்கின்றன. புகுந்த வைரஸ் அங்கேயே பெருகுகிறது. முத்திரை மோதிரத்தை நம்பிக் காவலன் பகைவனுக்குக் கோட்டைக் கதவைத் திறந்தது போலாயிற்று. அதன்பின் கிளர்ந்தெழும் எதிர்ப்பின் வேகமே நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவரை நெகிழ்விக்க, குருதியின் நீர்ப்பகுதி வெளியே கசிகிறது.

இக்கொள்கையை ஐயுற்றோர் பலர். கியூபா நாட்டில் 1977இல் முதல் வகை பரவியது; 1981இல் இரண்டாம் வகை வந்தபோது 158 பேர் இறந்தனர், அவர்களுள் 101 பேர் சிறுவர். முன்னைய பரவலுக்குப்பின் பிறந்த ஒன்றிரண்டு வயதினரைக் கடும் நோய் பெரும்பாலும் அணுகவில்லை. பிலிப்பைன்ஸில் 2016இல் பள்ளிச் சிறுவர்களுக்கு இடத் தொடங்கிய தடுப்பூசியும் 2017இல் நிறுத்தப்பட்டது. முன்பு டெங்கு காணாத சிறுவர்க்கு அவ்வூசியே முதற்காய்ச்சலின் இடத்தில் நிற்கக்கூடும் எனத் தெரிந்தது.

காய்ச்சல் தணியும் தறுவாயில்தான் கசிவு மிகுகிறது. தேறிவிட்டதென்று வீட்டார் மகிழும் நேரம் அது. பாங்காக்கில் சுசித்ரா நிம்மானித்யா முதலிய குழந்தை மருத்துவர்கள், குருதி தடிப்பதை அடிக்கடி அளந்து, அதற்கேற்ப உப்புநீரை நாளத்தில் செலுத்தும் முறையை வகுத்தனர். கசிவு ஒன்றிரண்டு நாளில் நின்றுவிடும். கசிந்த நீர் குழாய்களுக்குத் திரும்பும். அப்போது மருத்துவர் நீரைக் குறைத்துவிடுவார். இல்லையேல் அது நுரையீரலில் தேங்கும்.